யாருடைய நகரம், யாருடைய சரித்திரம்?

கப்பல் துறையை மண்போட்டு மூடி அதன் மேல் பூந்தோட்டம் வைத்தால், துறையில் வேலை செய்தவன் வீட்டில் அடுப்பு எரியுமா? கப்பல் பட்டறையை மூடிவிட்டு, அதே கொட்டகையில் கப்பல் கட்டுவது போல நாடகம் ஆடினால், நிஜமாகக் கப்பல் கட்டியவனுக்குக் கூலி கிடைக்குமா? கேலிக்காகக் கேட்கவில்லை. ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரத்தில் இந்த இரண்டும் நடந்தன.

தூரதேசத்துச் சங்கதி நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். கிளாஸ்கோவுக்கு மேற்கே சில மைல் தூரத்தில் பெய்ஸ்லி என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து தையல் நூலை உலகம் முழுவதும் விற்ற கோட்ஸ் கம்பெனிதான் 1974-ல் நம் மதுரை ஹார்வி மில்லோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. பெய்ஸ்லி நூல் ஆலைகளின் சங்கு 1990-களில் அடியோடு ஓய்ந்துபோயிற்று. நாம் நூற்ற நூலும் அவர்கள் நூற்ற நூலும் ஒரே முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஏறியவை. ஆகவே அவர்கள் ஊர்க் கதை நம் கதையும்தான்.

கிளைட் நதிக்கரையில் உள்ள கிளாஸ்கோ கப்பலும், ரயில் எஞ்சினும், கம்பளமும் செய்த நகரம். 1930-களில் அங்கே 11 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 1990 வாக்கில் அது 7 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதும், பழைய குடியிருப்புகளை இடித்து ஜனங்களை ஊருக்கு வெளியே அனுப்பியதும் இதற்குக் காரணங்கள். 1971-ல் கிளைட் கரைப் பட்டறைகளுக்குப் பணம் தர மாட்டோம் என்று கன்சர்வேடிவ் சர்க்கார் கையை விரித்தது. தொழிலாளர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பட்டறைக்குள்ளேயே இருந்து வேலையைத் தொடர்ந்து செய்தார்கள். ஜிம்மி ரீட், ஜிம்மி ஏர்லி முதலிய தொழிலாளர் பிரதிநிதிகளின் தலைமையில் 1972 வரை நீடித்த அந்தப் போராட்டம் சர்க்காரைப் பணிய வைத்தது. ஆனால் அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஆட்குறைப்பு நிற்கவில்லை.

தொழில் போன இடத்தில் எதை வைப்பது? நகரசபையார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நகரத்தையே சரக்காக்கி விற்பது! 1983-ல் மேயர் மைக்கேல் கெல்லி, விளம்பரக்காரர்களோடு சேர்ந்து ஒரு பெரிய பிரசாரம் தொடங்கினார். மஞ்சள் நிறத்தில் சிரித்த முகத்தோடு ஒரு பொம்மை. கிளாஸ்கோ எத்தனையோ மடங்கு மேல் என்று ஒரு கோஷம். 1988-ல் கோவன் பகுதியில் பழைய பிரின்ஸஸ் கப்பல் துறையை மூடி அமைத்த நிலத்தில் தோட்டத் திருவிழா நடத்தினார்கள். 43 லட்சம் பேர் வந்தார்கள். 1990-ல் கிளாஸ்கோ ஐரோப்பாவின் கலாசார நகரம் என்று முடிசூட்டப்பட்டது. புது இசை மண்டபம் திறந்தார்கள். அமெரிக்காவிலிருந்து பாடகர் பிராங்க் சினாட்ரா வந்து கால்பந்து மைதானத்தில் பாடிவிட்டுப் போனார்.

இதெல்லாம் வீண் என்று ஒரே அடியாகத் தள்ளிவிடுவது சரியல்ல. கரி படிந்து கிடந்த கல் கட்டடங்கள் சுத்தமாயின. ஓட்டல்களிலும் கடைகளிலும் சில பேருக்கு வேலை கிடைத்தது. டிராம் வண்டிகள் நின்றிருந்த ஒரு பழைய கொட்டகையில் 1988-ல் பீட்டர் புரூக் நம் மகாபாரதத்தை நாடகமாக நடத்தினார். அந்தக் கொட்டகை இடிபடாமல் நிலைத்த நாடக அரங்கமாயிற்று. கலை என்பது பணக்காரனுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா என்ன? தொழிலாளிக்கும் பாட்டு வேண்டும், கூத்து வேண்டும், நல்ல பூங்கா வேண்டும். அது நம் உரிமை.

எதிர்க்க வேண்டியது வேறு. தேர் இழுக்க ஆயிரம் கை வேண்டும், தேர்மேல் ஏறி நிற்க மட்டும் நாலு பேர் என்றால் அதைத்தான் கேள்வி கேட்க வேண்டும். 1990-ல் கோவன் கொட்டகை ஒன்றில் ‘கப்பல்’ என்ற நாடகம் நடந்தது. கப்பல் கட்டும் தொழிலாளரின் வாழ்வை மரியாதையோடு காட்டிய நாடகம் அது. அதைப் பார்த்துப் பட்டறைத் தொழிலாளிகளே நெகிழ்ந்தார்கள். நாடகத்தின் மேல் குற்றம் இல்லை. ஆனால் கூலி கொடுத்துக் கப்பல் கட்டிய இடம், டிக்கெட் கொடுத்துக் கப்பல் பார்க்கும் இடமாக ஆனதைப் பற்றி நகரசபை ஒரு வார்த்தையும் வருத்தமாகச் சொல்லவில்லை. அதை ஒரு முன்னேற்றமாகவே சொல்லிக் கொண்டார்கள்.

பெயர் வைப்பதிலும் அரசியல் உண்டு. நகரத்தின் நடுவே பழைய கிடங்குகள் இருந்த பகுதிக்கு ‘வியாபாரிகள் நகரம்’ என்று புதுப் பெயர் சூட்டினார்கள். யார் அந்த வியாபாரிகள்? பதினெட்டாம் நூற்றாண்டில் வர்ஜீனியாவின் புகையிலையை விற்றுக் கோடீசுவரரானவர்கள். அந்தப் புகையிலையைப் பயிரிட்டவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுபோகப்பட்ட அடிமைகள். பண்ணையில் சவுக்கடி பட்டவன் பெயர் எந்தத் தெருவிலும் இல்லை. பண்ணைச் சரக்கை விற்றவன் பெயர் தெருத் தெருவாக நிற்கிறது! இதைக் கண்டு எழுத்தாளர்கள் சிலர், அவர்களில் ஜேம்ஸ் கெல்மனும் ஃபார்க்கர் மக்லேயும் உண்டு, ‘தொழிலாளர் நகரம்’ என்ற பெயரில் ஒன்றுகூடிப் பதில் கொடுத்தார்கள்.

இப்போது ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரத்துக் கலை, பொதுக்காரியம் என்று உத்தியோகம் பார்க்கிறவர்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவரே உதாரணம். அவர் பெயர் எல்ஸ்பெத் கிங். கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில், ஏழை ஜனங்கள் வாழும் வட்டாரத்தில், ‘மக்கள் மாளிகை’ என்ற மியூசியம் இருக்கிறது. 1898-ல் திறந்தது. 1974-ல் அதன் பொறுப்பு கிங் கையில் வந்தது.

அவர் என்ன செய்தார்? ராஜாவின் வாளையும் பிரபுவின் நாற்காலியையும் தேடிப் போகவில்லை. தொழிற்சங்கக் கொடிகளைச் சேர்த்தார். ஓட்டுரிமைக்காகப் போராடிய பெண்களின் சின்னங்களைச் சேர்த்தார். இடிக்கப்படும் வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் காப்பாற்ற வேண்டியதைக் காப்பாற்றினார். 1977-ல் அலஸ்டர் கிரே என்ற ஓவியரை நியமித்து, ஊர்த் தெருக்களையும் சாதாரண ஜனங்களையும் அவர்கள் இருந்தபடியே வரைந்து வைக்கச் செய்தார். அந்த மாளிகையில் எலி பிடிக்க வைத்திருந்த ஸ்மட்ஜ் என்ற பூனையையும் ஒரு தொழிற்சங்கம் அங்கத்தினராகச் சேர்த்துக் கொண்டது! இதைச் சொல்லி அந்த ஊர்க் குழந்தைகள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே சங்கம் என்றால் என்ன என்று கேட்பார்கள் அல்லவா?

அவர் செய்த காரியங்களில் பஞ்சாலைத் தோழர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. 1787-ல் கிளாஸ்கோவை ஒட்டிய கால்டன் கிராமத்து நெசவாளர்களின் கூலியை முதலாளிகள் வெட்டினார்கள். வெளியூர் மலிவுத் துணி வருகிறது என்பது அவர்கள் சொன்ன சாக்கு. இந்தச் சாக்கு நமக்குப் புதிதா? நெசவாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 3-ந் தேதி பட்டாளம் வந்து சுட்டது. ஆறு நெசவாளர்கள் மாண்டார்கள். அவர்கள் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கிரேஞ்சருக்குச் சவுக்கடியும் ஏழாண்டு நாடுகடத்தலும் தண்டனை. இருநூறு வருஷம் கழித்து, 1987-ல், கிங் அந்தத் தியாகிகளை ஊருக்கு நினைவுபடுத்தினார். கென் கர்ரி என்ற வாலிப ஓவியரைக் கொண்டு, நெசவாளர் போராட்டம் தொடங்கித் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றை எட்டுப் பெரிய ஓவியங்களாக வரையச் செய்து, மாளிகையின் கோபுர மண்டபத்தில் வைத்தார். சம்பளத்துக்குப் போராடிச் செத்தவனுக்கு நகரத்தின் சொந்த மண்டபத்தில் இடம் கிடைத்தது.

மக்கள் மாளிகைக்கு எதிரிலேயே இன்னொரு மாளிகை போன்ற கட்டடம் நிற்கிறது. வெனிஸ் நகரத்து அரண்மனை மாதிரி வண்ணச் செங்கல் வைத்துக் கட்டியது. பார்க்கிறவர்கள் வாய்பிளந்து நிற்பார்கள். அது முன்பு டெம்பிள்டன் கம்பளத் தொழிற்சாலையாக இருந்தது. பூங்காவை ஒட்டிச் சாதாரண ஆலைச் சுவர் எழும்பினால் கண்ணுக்கு லட்சணமாக இராது என்று இந்த அலங்கார முகப்பு. அதைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, 1889 நவம்பர் 1-ந் தேதி, பலத்த காற்றில் சுவர் சரிந்து பக்கத்து நெசவுக் கொட்டகை மேல் விழுந்தது. 29 பெண் தொழிலாளர்கள் நசுங்கிச் செத்தார்கள். முகப்பின் அழகைக் காட்ட எந்த வழிகாட்டியும் போதும். அந்த 29 பேரைப் பற்றிச் சொல்லத்தான் கிங்கைப் போன்றவர்கள் தேவை.

இப்படிப்பட்டவருக்குக் கலாசார நகரம் என்ற அந்த 1990-ம் வருஷத்தில் என்ன மரியாதை கிடைத்தது? மியூசியங்களின் சமூக சரித்திரப் பகுதிக்கு ஒரு புதிய மேல் உத்தியோகம் உண்டாக்கினார்கள். பதினாறு வருஷம் அதே வேலையைச் செய்த கிங் விண்ணப்பித்தார். அவருக்குக் கொடுக்கவில்லை. அதைப் பெற்றவரும் ரயில் எஞ்சின் தொழிலாளர் வட்டாரம் ஒன்றில் நல்ல மியூசியம் நடத்தியவர்தான். அவரை நாம் குறை சொல்லவில்லை. நகரசபையின் மனப்போக்கைத்தான் சொல்கிறோம். ஊரே கொதித்தது. பத்திரிகைகளில் கடிதங்கள் குவிந்தன. கிங்கின் உதவியாளர் மைக்கேல் டொனலி பத்திரிகையில் கண்டித்து எழுதியதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1991-ல் கிங்கும் வெளியேறினார். அந்த நகரசபையை ஆண்டது கன்சர்வேடிவ் கட்சி அல்ல. தொழிலாளர் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் லேபர் கட்சி!

அதே 1990-ம் வருஷம் ரயில் நிலையத்து வளைவுகளுக்கு அடியில் ‘கிளாஸ்கோவின் கிளாஸ்கோ’ என்று ஒரு பெரிய பொருட்காட்சி வைத்தார்கள். நகரத்தின் சரித்திரத்தைக் காட்டுவதாகச் சொல்லி நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். மக்கள் மாளிகையில் அதே நகரத்தின் சரித்திரத்தை அப்போது இலவசமாகப் பார்க்க முடிந்தது! பொருட்காட்சியில் 40 லட்சம் பவுனுக்கு மேல் நஷ்டம் வந்தது. மாளிகையை ஒட்டிய பொதுப் பூங்காவில் ஒரு பகுதியைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடவும் நகரசபை திட்டமிட்டது. நெசவாளர்கள் கூட்டம் போட்ட அந்தப் பச்சைப் புல்வெளியை ஜனங்கள் விட்டுக் கொடுக்கவில்லை. எதிர்ப்புக்கு முன் திட்டம் கைவிடப்பட்டது.

கிங் சும்மா இருந்துவிடவில்லை. டன்ஃபர்ம்லின் நகரத்தில் வேலை செய்தார். பிறகு 1994 முதல் 2018 வரை ஸ்டர்லிங் நகரத்து மியூசியத்தை நடத்தினார். ஆனால் கிளாஸ்கோ இழந்தது இழந்ததுதான்.

இதிலிருந்து நாம் என்ன கற்கிறோம்? உல்லாசப் பயணம், கலை விழா, நகர அலங்காரம் என்று எவர் திட்டம் கொண்டுவந்தாலும், எந்த ஊரானாலும், தொழிலாளி மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒன்று: இந்த இடத்தில் முன்னே வேலை செய்தவனுக்கும் குடியிருந்தவனுக்கும் என்ன கிடைக்கிறது? இரண்டு: நம் வீட்டுக் குழந்தை காசில்லாமல் உள்ளே போக முடியுமா? மூன்று: உள்ளே போனால் அங்கே சொல்லப்படுவது யாருடைய கதை? முதல் கேள்விக்கு விருந்தாளி எண்ணிக்கையைப் பதிலாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 43 லட்சம் பேர் வந்துபோன தோட்டத் திருவிழா நிலத்தின் பெரும்பகுதி பிறகு பல வருஷம் வெறுமனே கிடந்தது.

இன்னொரு கடமையும் நமக்கு உண்டு. நம் கதையைச் சேர்த்து வைக்க ஒரு எல்ஸ்பெத் கிங் வருவார் என்று காத்திருக்கக் கூடாது. சங்க ஆபீசில் கரையான் அரிக்கும் நோட்டீசும், பழைய மினிட் புத்தகமும், வேலைநிறுத்தத்தில் பிடித்த கொடியும், கூலி உயர்வுக்காக வரப்பில் நின்ற பெண்களின் பெயர்களும் நம் சொத்து. பழைய பேப்பர்காரனுக்குப் போடும் முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். சங்கக் கூட்டத்தில் ஒருவரை இதற்கென்று பொறுப்பாக்குங்கள். நாம் எழுதி வைக்காவிட்டால், நாளைக்கு நம் ஆலை நின்ற இடத்துக்கும் வியாபாரியின் பெயர்தான் வைப்பார்கள்.