நிறம் போனால் அழுக்கும் போச்சா?

மெதிலீன் நீலம் கரைச்ச தண்ணியில கொஞ்சம் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூளைப் போட்டு வெயில்ல வைத்தால், நீலம் மெல்ல மங்கிப்போகும். கெம்பஸ் இறுதியாண்டு அறிக்கைகளில் அடிக்கடி வரும் படம் இது: இடப்பக்கம் நீலக் குப்பி, வலப்பக்கம் தெளிந்த குப்பி, கீழே "மாசு நீங்கியது". எனக்கு அந்தக் கடைசி வரியோடுதான் சண்டை.

நிறம் போக எத்தனையோ வழி இருக்கு. சாயம் தூளில் போய் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது இருட்டிலும் நடக்கும். இலத்திரனை வாங்கி நிறமற்ற வடிவத்துக்கு மாறியிருக்கலாம். காற்றுப் பட்டால் நீலம் திரும்பி வந்துடும். இல்லாட்டி மூலக்கூறு பாதி உடைந்து, கண்ணுக்குத் தெரியாத துண்டுகளாகத் தண்ணியிலேயே கிடக்கலாம். அந்தத் துண்டு நஞ்சா இல்லையா என்று குப்பியைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

விஷயம் எல்லாம் தூளின் மேற்பரப்பில்தான். புறஊதாக் கதிர் பட்டதும் ஓர் இலத்திரன் மேலே கிளம்பும், அது இருந்த இடத்தில் துளை ஒன்று மிஞ்சும். இரண்டும் உடனே திரும்பச் சேர்ந்தால் வெறும் சூடுதான் மிச்சம். அதற்குள் மேற்பரப்பை எட்டினால், துளை அங்கே ஒட்டியிருக்கிற நீரிலிருந்து ஐதரொட்சில் மூலிகத்தை உண்டாக்கும்; இலத்திரனை ஒட்சிசன் வாங்கிக்கொள்ளும். அந்த மூலிகத்துக்கு ஆயுள் மிகக் குறைவு, தூரம் போகாது. ஆகவே மேற்பரப்பில் யார் இடம் பிடிக்கிறாங்க என்பதுதான் கேள்வி. வடித்த நீரில் சாயத்துக்குப் போட்டியில்லை. கண்டி வாவியில் வழியும் நீரோடு நகரக் கழிவையும் மகாவலிக்குக் கொண்டுபோகும் மெத ஏலையில், இருகாபனேற்றும் மக்கிய இலைதழைச் சாறும் முந்திக்கொள்ளும்.

இதைச் சரியாகச் செய்தவர்கள் நம்ம ஊரிலேயே இருந்தாங்க. ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னகோன் குழு, 1990களின் நடுவில் இந்தத் தூளைப் பொலித்தீன் தாளில் பதித்துப் பரகுவாட் கரைந்த நீரில் சோதித்தது. தூள் நீரில் மிதந்தால் வடிகட்டி எடுப்பது பெரும்பாடு. தாளில் இருந்தால் தூக்கிவிடலாம். பரகுவாட் என்றால் தோட்டத்தில் புல்லுக்கு அடித்த கிரமக்சோன்தான். 2008 இல் தொடங்கிப் படிப்படியாகத் தடையான நஞ்சு. அவர்கள் தேடியது நிறம் மங்குவதை இல்லை, மூலக்கூறு காபனீரொட்சைட்டு வரைக்கும் உடைவதை. (புல்மோட்டை மணலில் தைத்தேனியத்தை வைத்துக்கொண்டு மணலாகவே கப்பலேற்றுவது வேறொரு கட்டுரைக்கான வயிற்றெரிச்சல்.)

"எங்ககிட்ட விலையுயர்ந்த கருவி இல்லையே" என்பாங்க. முதல் அரைமணி நேரம் குப்பியை இருட்டில் வைக்கக் கருவி தேவையில்லை. மெத ஏலையில் ஒரு போத்தல் தண்ணி அள்ளவும் தேவையில்லை. மிஞ்சிய சேதனப் பொருளை இருகுரோமேற்று நியமிப்பால் அளக்கலாம். அதற்கான அளவி எந்த ஆய்வுகூடத்திலும் இருக்கு.