சிமெண்டு மூட்டையும் பர்மிட்டும்

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் பங்கில் ஆலயத்தின் முன்மண்டபத்தைக் கட்டத் தொடங்கினார்கள். நன்கொடை ஓரளவு சேர்ந்திருந்தது. மணலும் ஜல்லியும் முற்றத்தில் குவிந்து கிடந்தன. கொத்தனாரும் காத்திருந்தார். சிமெண்டு மட்டும் இல்லை. சுவாமியார் தம் சைக்கிளில் தாலுகா அலுவலகத்திற்கு நடையாய் நடந்தார் என்றே சொல்ல வேண்டும். நூறு மூட்டை கேட்ட மனுவுக்கு இருபது மூட்டைக்குப் பர்மிட் கிடைத்தது. அது வந்து இறங்கும் முன்னர் மழைக்காலம் வந்துவிட்டது.

பெருந்தொழில்கள் மீதுள்ள அரசுக் கட்டுப்பாட்டை நீக்குவது நன்றா, தீதா என்று நம் இளைஞர் சிலர் என்னிடம் கேட்டனர். பொதுப்பட விடை கூறுவதைவிட, நம் வீட்டுச் சுவர்களிலேயே உள்ள இந்தச் சிமெண்டை எடுத்துக்கொண்டு பார்ப்பது நலம்.

கட்டுப்பாடு தீய நோக்கத்துடன் பிறந்ததன்று. பணம் படைத்தோர் பதுக்கிவிடாமல் எல்லாருக்கும் நியாய விலையில் கிடைக்க வேண்டுமென்றே அரசு விலையையும் விநியோகத்தையும் தன் கையில் வைத்திருந்தது. ஆயினும், அரசு விதித்த விலையில் புதிய ஆலை கட்ட முதலீட்டாளர் தயங்கினர். 1981ஆம் ஆண்டளவில் நாடு முழுவதும் உற்பத்தியானது ஏறத்தாழ 2 கோடி டன் மட்டுமே. பொருள் அரிதானபோது, அதை ஒதுக்கும் கையெழுத்து விலைபெற்றது. கள்ளச் சந்தையில் சாம்பல் கலந்த மூட்டைகளும் விற்றன. 1982 ஜனவரியில் மகாராஷ்டிர முதலமைச்சர் அந்துலே பதவி விலக நேர்ந்தது. கட்டடக்காரர்களுக்கு அவர் ஒதுக்கிய சிமெண்டுக்கும் அவருடைய அறக்கட்டளைக்கு வந்த நன்கொடைகளுக்கும் தொடர்பு உண்டென்று பம்பாய் உயர் நீதிமன்றம் கண்டதே காரணம்.

அடுத்த மாதமே கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. ஆலைகள் ஒரு பகுதியை அரசுக்கு லெவியாகக் கொடுத்துவிட்டு, எஞ்சியதை வெளிச்சந்தையில் விற்கலாம் என்றாயிற்று. 1989இல் விலைக் கட்டுப்பாடு முற்றும் நீங்கியது. 1991 ஜூலையில் புதிய ஆலைக்கு உரிமம் பெறும் கட்டாயமும் நீங்கியது. இன்று நம் நாடு ஆண்டுதோறும் 40 கோடி டன் அளவில் உற்பத்தி செய்து, சீனாவுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. கடைக்குச் சொல்லி அனுப்பினால் மாலைக்குள் மூட்டை வாசலில் இறங்குகிறது. பர்மிட் ஒழிந்தது நன்மையே என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சிமெண்டு ஆலைக்குப் பல நூறு கோடி முதல் வேண்டும். சுண்ணாம்புக்கல் கிடைக்குமிடத்தில்தான் அதை அமைக்க இயலும். பாரமான சரக்காதலால் வெகுதூரம் கொண்டுசெல்வதும் கட்டுபடியாகாது. ஆகவே ஒரு வட்டாரத்தில் விற்போர் சிலரே. அச்சிலர் தமக்குள் பேசிக்கொண்டால் வாங்குவோர் என் செய்வார்? 11 சிமெண்டு நிறுவனங்கள் கூடிப் பேசி உற்பத்தியையும் விலையையும் வரையறுத்தன என்று கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2012இல் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்தன. விசாரணை முறையில் குறை கண்டு அவ்வாணை தள்ளுபடியாயிற்று. 2016இல் ஆணையம் மீண்டும் அபராதம் விதித்தது. 2018இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதிசெய்தது. பின்னர் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தாலுகா அலுவலக வரிசையைவிட இது நீண்ட வரிசை!

இந்தியா உரிமங்களை நீக்கிய அதே 1991ஆம் ஆண்டு, மே முதல் நாளன்று, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், பதின்மூன்றாம் சிங்கராயரின் தொழிலாளர் சுற்றுமடலுக்கு நூறாண்டு நிறைவுற்றதை நினைவுகூர்ந்து புதியதொரு சுற்றுமடல் விடுத்தார். சந்தையின் சுதந்திரத்தை அவர் பழித்தாரல்லர். ஆனால் அச்சுதந்திரம் உறுதியான சட்டத்தின் வரம்புக்குள் நிற்க வேண்டும் என்றார். ஏகபோகம் வளர்ச்சியைத் தடுக்குமிடத்தில் அரசு தலையிடலாம் என்றார். இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். முதற்பாதியைத் தொழிலதிபர்களும் பிற்பாதியை மேடைப் பேச்சாளர்களும் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

விலையை விடுவித்தால் எல்லாவற்றையும் விடுவிக்க வேண்டுமென்பதில்லை. அரியலூர் வழியாக ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவைத் தரிசிக்கச் செல்வோர் அப்பகுதியின் சுண்ணாம்புச் சுரங்கங்களையும் லாரிகளையும் கண்டிருப்பர். அங்கே புழுதிக்கும் லாரி வேகத்துக்கும் கட்டுப்பாடு தளரலாகாது.

விலையேற்றத்தைத் தாங்காத எளியோருக்காகத் தமிழக அரசு 2015இல் மூட்டை 190 ரூபாய்க்கு அம்மா சிமெண்டு விற்கத் தொடங்கியது. எங்கள் தெருவில் இரண்டறை வீடு கட்டிய கொல்லத்துக்காரர் ஒருவர் அதை வாங்க விரும்பினார். பிறர் வீட்டுச் சுவரையெல்லாம் எழுப்பியவர் அவர். அஸ்திவாரம் போட்டபோது இருந்த விலை, கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளில் மூட்டைக்கு நாற்பது ரூபாய் ஏறியிருந்தது. ஆனால் அம்மா சிமெண்டுக்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும் என்றார்கள். அவர் மனுவை எழுதித் தரும்படி என்னிடம் வந்தார். எழுதிக் கொடுத்தேன், சுவாமியாரின் சைக்கிள்தான் நினைவுக்கு வந்தது.