அடுப்பைப் பெரிதாக்கினால் போதுமா? புகைபோக்கி எங்கே?

பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

"சார், பழைய லேப்டாப்புல பிராசஸரை மாத்திட்டா புதுசு மாதிரி ஓடுமாமே?" என்று இந்தக் கோடையில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான்காவது ஆள் கேட்கவே இல்லை, மாற்றிவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு வீட்டில் இருப்பது அந்த ஒரே லேப்டாப். இப்போது அரை மணி நேரம் ஓடினால் தானாக அணைந்துவிடுகிறது. பாதி எழுதிய புராஜெக்ட் போயே போய்விட்டது. கடையில் கேட்டால், "வெயில் காலம்லா, அப்படித்தான் இருக்கும். கூலிங் பேட் வாங்கி வைங்க" என்று பதில்.

திருநெல்வேலியில் சித்திரை வெயில் என்ன புதிதாகவா வந்தது? காசு வாங்கும்போது வெயில் தெரியாதா?

கணக்கைப் பாருங்கள். இன்டெல் ஐ3-2310எம் 35 வாட் வகை. அதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7-2630க்யூஎம் 45 வாட் வகை. சாக்கெட்டில் பொருந்துவது வேறு, சூட்டை வெளியேற்றுவது வேறு. ஹீட் சிங்க் 35 வாட்டுக்குச் செய்தது. அது அறை வெப்பத்தைவிட 45 டிகிரி கூடுதலில் சமாளித்தது என்று வைத்துக்கொள்வோம். 45 வாட் போட்டால் அந்தக் கூடுதல் 58 டிகிரி ஆகும். 25 டிகிரி ஏசி அறையில் 83. நம் வீட்டு 38 டிகிரியில் 96. அந்தச் சில்லின் எல்லையே 100! மிச்சம் இருக்கும் 4 டிகிரியை ஆடிக் காற்று கொண்டுவந்து அடைத்த தூசியும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் தின்றுவிடும். பிறகு வேகம் குறையும், அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். வேகத்துக்காகக் கொடுத்த காசு வேகத்தையே கெடுக்கிறது.

கூலிங் பேட் போதாதா என்பீர்கள். ஃபேன் காற்று நமக்குக் குளிர்வது வியர்வை ஆவியாவதால். காருக்குறிச்சிப் பானையில் தண்ணீர் குளிர்வதும் அதே காரணத்தால்தான். பிராசஸருக்கு வியர்க்காது. கூலிங் பேட் ஊதுவதும் அதே 38 டிகிரி காற்றைத்தான். கொஞ்சம் உதவும். உள்ளே அடைப்பு இருந்தால் அதுவும் உதவாது. ஐஸ் கட்டி, ஈரத்துணி வைக்கிறவர்களும் உண்டு. நீர் கோத்து போர்டு போய்விடும். வேண்டவே வேண்டாம்.

2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் உங்களில் பலருக்குக் கிடைத்ததுதான் வீட்டின் முதல் கணினி. தம்பி தங்கைகள் வரை அதில் படித்திருக்கிறார்கள். அதைக் காப்பாற்ற நினைப்பது நல்ல புத்திதான். ஆனால் பெரும்பாலும் தாமதத்துக்குக் காரணம் பிராசஸர் அல்ல, பழைய ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி போட்டு, ரேமைக் கூட்டுங்கள். சூடு ஏறாமல் வேகம் வரும்.

பிராசஸரை மாற்றியே தீருவேன் என்றால், கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்:

1. பழையது எத்தனை வாட், புதியது எத்தனை வாட்? கூடுதல் என்றால் அதற்கேற்ற ஹீட் சிங்க் இந்த மாடலுக்கு உண்டா?

2. ஹீட் சிங்க் தகடுகளைத் தூசி போகச் சுத்தம் செய்து, பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, புதிதாக மெல்லிசாகத் தடவுவீர்களா?

3. என் கண் முன்னால் ஒரு மணி நேரம் ஓட்டி, வெப்பநிலையைக் காட்டுவீர்களா?

பதில் சொல்லாத கடையில் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கனவே மாற்றியவர்கள் பவர் ஆப்ஷனில் பிராசஸரின் உச்ச அளவை 80 சதவீதத்துக்குக் குறையுங்கள். மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள், காற்று நுழையும் வழி கீழேதான் இருக்கிறது. தொடர்ந்த சூட்டில் பேட்டரி உப்பி டச்பேட் மேலே தூக்கினால், அன்றே நிறுத்துங்கள். அது தீப்பிடிக்கக்கூடியது. பிள்ளைகள் பக்கத்தில் படுத்துத் தூங்கும் வீடு.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். ஆனால் எத்தனை வாட், எத்தனை டிகிரி என்று எண்ணோடு எழுதுங்கள். அலகு போடாத விடைக்கு நான் மதிப்பெண் கொடுத்ததில்லை என்பது உங்களுக்கே தெரியும்.