இருபத்தைந்து வருஷக் காவல்

வானத்தை அண்ணாந்து பார்த்தே பேர் வாங்கியவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் லெஸ்லி பெல்டியர். அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து விவசாயி வீட்டுப் பையன். குவார்ட்டுக்கு 2 சென்ட் கூலிக்கு (குவார்ட்டர் இல்லை சார், குவார்ட்! ஏறக்குறைய ஒரு லிட்டர்) 900 குவார்ட் ஸ்ட்ராபெர்ரி பறித்து, 18 டாலருக்கு முதல் டெலஸ்கோப்பை வாங்கினான். பிற்பாடு 12 வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார்.

வால்நட்சத்திரம் எப்போதாவது வரும் விருந்தாளி. மற்ற ராத்திரிகளில் அவர் பார்த்தது, பிரகாசம் கூடிக் குறைகிற நட்சத்திரங்களை. அதில் ஒரு விசித்திரப் பிரகிருதி 'டி கொரோனே பொரியாலிஸ்'. உண்மையில் அது ஒரு ஜோடி. சிவப்பு ராட்சசனிடமிருந்து வெள்ளைக் குள்ளன் வாயுவை உறிஞ்சிச் சேர்த்துக்கொண்டே இருக்கும். சுமார் 80 வருஷத்துக்கு ஒரு தடவை, தாங்காமல் வெடிக்கும். டெலஸ்கோப்பில் மட்டும் தெரிந்த புள்ளி, வெறும் கண்ணுக்கே பளிச்!

1866-ல் வெடித்தது. பெல்டியர் 1920 முதல் காவல் காத்தார். 1946 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, அலாரம் வைத்து இரண்டரை மணிக்கு எழுந்தார். வானம் சுத்தம். ஆனால் தும்மல், தொண்டை வலி. போய்ப் படுத்துவிட்டார்.

அன்றைக்குத்தான் வெடித்தது.

25 வருஷம் எதிர்வீட்டு ஜன்னலையே பார்த்தவன் டீ குடிக்கப் போன சமயம், அவள் எட்டிப் பார்த்துச் சிரித்த மாதிரி!

தப்பு தன்னுடையதுதான் என்று பெல்டியர் எழுதினார். ஆனாலும், இத்தனை வருஷப் பழக்கத்துக்கு அது கொஞ்சம் தயவு காட்டியிருக்கலாமாம். கோபம் வேறு, டியூட்டி வேறு. தொடர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 1980-ல் காலமானார்.

2024-ல் மறுபடி வெடிக்கலாம் என்று நிபுணர்கள் சொன்னார்கள். அந்த வருஷம் முழுக்க அது அசையவே இல்லை.