பழைய விமானம்னா பயப்படணுமா? ஏர் இந்தியா போடும் லாரிக் கணக்கு

சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. புது வண்டி எடுத்தால் மாதத் தவணை கழுத்தை நெரிக்கும். பழைய வண்டி எடுத்தால் டீசலும் ஒர்க்‌ஷாப்பும் காசைத் தின்னும். ஏர் இந்தியாவும் இதே கணக்கைத்தான் போட்டது.

ஏன் பழசு?

2022 ஜனவரியில் டாடா குழுமத்தின் கைக்கு வந்த ஏர் இந்தியா, அடுத்த ஆண்டே 470 புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஆனால், ஆர்டர் கொடுத்ததும் விமானம் வந்துவிடாது. அந்தப் பட்டியலில் உள்ள போயிங் 777எக்ஸ் ரகம் 2020-லேயே சேவைக்கு வந்திருக்க வேண்டியது; 2027-க்குத் தள்ளிப்போனது. இடைவெளியை நிரப்ப, டெல்டா நிறுவனம் ஓரங்கட்டிய 777-200எல்ஆர் விமானங்களை ஏர் இந்தியா குத்தகைக்கு எடுத்தது. கையில் இருந்த பழைய பெரிய விமானங்களின் உட்புறத்தைப் புதுப்பிக்க 40 கோடி டாலர் ஒதுக்கியது.

பழசுன்னா ஆபத்தா?

விமானத்தின் உடல், வருடத்தைவிட எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதைப் பொறுத்தே அதிகம் தேய்கிறது. 1988-ல் ஹவாயில் நடுவானில் கூரை பிய்ந்த அலோஹா விமானத்தின் வயது 19தான். ஆனால், குட்டித் தீவுகளுக்கு இடையே அது கிட்டத்தட்ட 90,000 முறை பறந்திருந்தது. தினம் இரண்டு முறை பறக்கும் நெடுந்தூர விமானம் 20 ஆண்டுகளில் 15,000 முறையைக்கூடத் தொடாது. அகமதாபாத் விபத்து பற்றி 2025 ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கையும் விமானத்தின் வயதைக் காரணமாகச் சொல்லவில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் பழசு தாங்கும்.

அப்போ சிக்கல் எங்கே?

எரிபொருளில். புதிய ஏ350 முந்தைய தலைமுறை விமானங்களைவிட 25% குறைவாகக் குடிக்கும் என்கிறது ஏர்பஸ். பெங்களூரு–சான்பிரான்சிஸ்கோ போல 14,000 கி.மீ. போகும்போது, எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் எரியும். தூரம் கூடக்கூட பழசின் லாபம் கரையும். புதுப்பிக்க அனுப்பினாலோ ஓட்ட வண்டி இருக்காது. 2025 செப்டம்பரில் டெல்லி–வாஷிங்டன் சேவை நின்றதற்கு, பாகிஸ்தான் வான்வெளி மூடலோடு இதுவும் காரணம்.

நமக்கென்ன?

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் நேரடியாகப் போகலாம். அமெரிக்கா, ஐரோப்பா என்றால் வேறு ஊரில் மாறித்தான் ஆகணும். பையரைப் பார்க்கப் போகும் திருப்பூர் ஏற்றுமதியாளருக்கும், மகள் பிரசவத்துக்குப் போகும் அம்மாவுக்கும் 15 மணி நேரம் உடைந்த சீட்டும் ஓடாத திரையும் சின்ன விஷயமில்லை.

பழைய விமானம் ஓட்டுவது தப்பில்லை. புது விமானக் காசு வாங்கிக்கொண்டு அதை ஓட்டுவதுதான் தப்பு. புதுப்பித்த விமானமா, இல்லையா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். புதுப்பிக்காததற்குக் கட்டணத்தையும் குறைக்க வேண்டும். பழைய லாரிக்குப் புது லாரி வாடகை கேட்டால் கொங்கு நாட்டில் யாரும் கொடுப்பதில்லை.