கைதட்டினது போதும், குறை சொல்ல ஒரு ஆள் வேணும்

எங்க காலேஜ் தமிழ் மன்ற விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர், "இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொள்கிறேன்" என்று ஆரம்பித்து 55 நிமிஷம் பேசினார். யாரும் ஒண்ணும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல முடியும்? முடிந்ததும் கைதட்டி, பொன்னாடை போர்த்தி, வாசல் வரைக்கும் போய் கார் ஏற்றிவிட்டு வந்தோம். இந்நேரம் வேறொரு காலேஜில் அதே "இரண்டே நிமிடம்" ஓடிக்கொண்டிருக்கும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் உண்மையைச் சொல்ல இத்தனை வருஷத்தில் ஒரு ஆள்கூட இல்லையே என்றுதான் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமையே சீனியர் அண்ணன் ஒருத்தர் என்னை ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பேரைக் கேட்டதும் கோட்டு சூட்டு போட்டவர்கள் கையில் கண்ணாடிக் கோப்பையோடு நிற்பார்கள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் ஒரு வகுப்பறை, இருபது பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பிஸ்கட். அவ்வளவுதான்.

பேருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தவர். அங்கே வரும் இளைஞர்களுக்கு நாலு பேர் முன்னால் எழுந்து பேச வரவில்லை என்பதைக் கவனித்தார். 1905-ல் இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டனில் விருந்துப் பேச்சு பாணியில் அவர்களுக்குப் பயிற்சி ஆரம்பித்தார். இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கும் அமைப்பின் முதல் கிளப் என்று சொல்லப்படுவது, அவர் 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் தொடங்கியது. பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள 1973 வரை ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கூட்டம் எப்படி நடக்கிறது? முன்கூட்டியே தயாரித்துக்கொண்டு வரும் பேச்சுக்குப் பொதுவாக 5 முதல் 7 நிமிஷம். 5-ல் பச்சை, 6-ல் மஞ்சள், 7-ல் சிவப்பு என்று டைமர் அட்டை காட்டுவார். அப்புறம் டேபிள் டாபிக்ஸ். திடீரென்று ஒரு தலைப்பு கொடுப்பார்கள், 1 முதல் 2 நிமிஷம் பேச வேண்டும். "ஆ", "உம்", "ஸோ" எல்லாவற்றையும் எண்ணுவதற்கென்றே ஆ-கவுண்டர் என்று ஒருத்தர். மொழிப் பிழைகளைக் குறித்துக்கொள்ள இன்னொருத்தர்.

ஆனால் என்னை உட்கார வைத்தது இதெல்லாம் இல்லை, மதிப்பீடு. தயாரித்துப் பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. அவர் எல்லார் முன்னாலும் எழுந்து 2, 3 நிமிஷம், எது எடுபட்டது, எதை மாற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

அன்றைக்குப் பேசியவர் ஒரு பேங்க் மேனேஜர், அப்பா வயசு. மதிப்பீட்டாளர் செகண்ட் இயர் படிக்கும் பொண்ணு. "சார், கிணற்றடி சம்பவத்தில் குரலை இறக்கினீங்க, எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஆனா கடைசியில மூணு தடவை முடிச்சீங்க. முதல் முடிவே போதும்." மனுஷன் முகம் சுளிக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்! நம்ம ஊரில் இப்படி ஒரு காட்சியை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

பேச்சுக்கு நம்மிடம் பஞ்சமா என்ன? மேடைப் பேச்சாலேயே ஆட்சியைப் பிடித்த ஊர் இது. பட்டிமன்றம் இல்லாமல் பொங்கல் இல்லை. பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி இல்லாத வருஷம் இல்லை. ஆனால் அந்தப் போட்டியில் என்ன நடக்கிறது? முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு, ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா. எட்டாவதில் நான் ஒரு போட்டியில் தோற்றேன். ஏன் தோற்றேன் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஜெயித்தவனுக்கும் ஏன் ஜெயித்தான் என்று தெரியாது. பேசக் கற்றுக்கொடுக்கிறோம், கேட்டுவிட்டு உருப்படியாக ஒரு வார்த்தை சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை.

"அதெல்லாம் இங்கிலீஷ் பேசுறவங்க கிளப்" என்று என் ரூம்மேட் சொன்னான். பாதி உண்மை. இங்கே பெரும்பாலான கிளப்களில் ஆங்கிலம்தான். ஆனால் சென்னையிலும் சிங்கப்பூரிலும் தமிழிலேயே நடக்கும் கிளப்கள் இருக்கின்றன. ஆங்கிலம் என்றாலும் அது வெள்ளைக்காரன் ஆங்கிலமாக இருக்க வேண்டியதில்லை. இந்த அமைப்பின் உலகப் போட்டியில் 2014-ல் ஜெயித்தவர் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி. 2015-ல் ஜெயித்த சவூதிக்காரர் முகம்மது கஹ்தானி சின்ன வயதில் திக்குவாய். இன்னொரு குறை, சந்தா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாலர் கணக்கில் கட்ட வேண்டும். மெஸ் பில்லுக்கே யோசிக்கிற நமக்குக் கஷ்டம்தான். சில கிளப்களில் மதிப்பீடே வெறும் சர்க்கரையாகிவிடுகிறது என்றும் அந்த அண்ணனே சொன்னார்.

அதனால் ஹாஸ்டலில் நாங்கள் ஆறு பேர் தமிழிலேயே முயற்சி செய்தோம். சார்ட் பேப்பரில் மூன்று கலர் அட்டை, போனில் ஸ்டாப்வாட்ச், செலவு 30 ரூபாய். முதல் வாரம் படுதோல்வி. பேசினவன் எல்லாருக்கும் "சூப்பர் மச்சி" என்ற ஒரே மதிப்பீடு. சண்டை வந்துவிடுமோ என்று பயம். இரண்டாவது வாரம் "சூப்பர்" என்ற சொல்லைத் தடை செய்தோம். எடுபட்ட இடம் ஒன்று, மாற்ற வேண்டிய இடம் ஒன்று, இரண்டையும் சொல்லாமல் உட்காரக் கூடாது.

அன்றைக்கு ஒரு ஜூனியர் எழுந்து, "அண்ணே, நீங்க 'வந்து'ன்னு 23 தடவை சொன்னீங்க" என்றான். தமிழில் "உம்" கிடையாது, அதற்குப் பதில் நமக்கு "வந்து"தான் என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை, ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது வாரம் 9 தடவை. எட்டு வருஷப் பேச்சுப்போட்டி செய்யாததை அவனுடைய ஒரு வாக்கியம் செய்துவிட்டது.

பெரியவர்களைக் குறை சொல்வது மரியாதைக் குறைவு என்று நாம் வளர்ந்திருக்கிறோம். எனக்கென்னவோ, ஒருத்தர் பேச்சை வரி வரியாகக் கேட்டு, நேராக அவரிடமே சொல்வதுதான் பெரிய மரியாதை என்று தோன்றுகிறது. முன்னால் கைதட்டிவிட்டு வெளியே போய் "செம மொக்கடா" என்பதை வேறு என்னவென்று சொல்வது?

எனவே நம் தமிழ் மன்றத்துக்கு ஒரு கோரிக்கை. அடுத்த பேச்சுப்போட்டியில் நடுவர்கள் பரிசை மட்டும் அறிவிக்காமல், கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும், முக்கியமாகத் தோற்றவர்களுக்கு, ஒரு நிமிஷமாவது காரணம் சொல்லட்டும். டைமர் வேலைக்கு நான் தயார். சிறப்பு விருந்தினருக்குச் சிவப்பு அட்டை காட்டுவது யார் என்பதை மட்டும் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு பண்ணிக்கொள்ளலாம் :-)