கழித்த வலையிலும் கரைக்குப் பங்கு

வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே இராமநாதபுரம் கரையில் பிறந்தவர்கள் நாங்கள். பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் ஐடிஐயும் இன்ஜினியரிங்கும் முடித்து ஊர் திரும்பியவர்கள். கடற்கரைப் பிளாஸ்டிக்கை எடுப்பதும் பிரிப்பதும் விற்பதும் இனி எங்கள் தொழில் என்று அறிவிக்கிறோம். தொண்டு என்று சொல்லமாட்டோம். தொழில் என்றால் கூலி உண்டு, கணக்கு உண்டு, லாபம் வந்தால் பங்கும் உண்டு.

பேனரோடு வந்து ஒரு காலைப் பொழுது குப்பை அள்ளிவிட்டுப் போகிறவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அள்ளிய மூட்டை எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. ஊருக்குப் பின்னால் எங்காவது எரியும். இல்லையென்றால் அடுத்த வாடையில் கடலுக்கே திரும்பும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. நல்ல தடைதான். ஆனால் கடைக்குப் போட்ட தடை கடலில் ஏற்கெனவே கிடப்பதை எடுத்துவிடாது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியது. சில நாளிலேயே கன்னியாகுமரிக் கரையில் பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியது. யாரும் இன்னும் ஒரு குவளையாகக்கூடச் செய்திராத மூலப்பொருள் அது. பயன்படாமலே குப்பையாகிவிட்டது.

வெளியூர் பாட்டிலையும் கப்பலையும் மட்டும் பேசினால் அது பாதி உண்மை. எங்கள் கரையில் எங்கள் வலையும் கிடக்கிறது. நண்டு வலை கிழிந்தால் பொத்துகிற கூலிக்குப் புது வலையே வாங்கிவிடலாம். மிதவையையும் ஈயத்தையும் கழற்றிக்கொண்டு நூலை அப்படியே கரையில் விட்டுவிடுகிறோம். கடலுக்குள் அறுந்துபோனது இன்னும் மோசம். அது ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறையில் மாட்டினால் பாறையையும் உடைக்கும்.

இந்த வலைக்கு விலை உண்டு. தங்கூசி நைலானை வேதிமுறையில் மூலப்பொருளாகப் பிரித்து மறுபடி நூலாக்க முடியும். விசைப்படகு இழுவலை பெரும்பாலும் பாலித்தீன். அதை உருக்கிக் குருணையாக்கலாம். இரண்டும் கலந்துவிட்டால் வாங்குகிறவர் விலையை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவார். சோதனை எளிது: ஒரு வாளித் தண்ணீரில் நைலான் மூழ்கும், பாலித்தீன் மிதக்கும். கஷ்டமான வேலை அதற்குப் பிறகு வருகிறது. மண்ணும் உப்பும் சிப்பியும் ஒட்டிய வலையை அலச நல்ல தண்ணீர் வேண்டும். குடிக்கவே தண்ணீர் லாரியை எதிர்பார்க்கிற ஊர்கள் இவை. ஆகவே முதலில் உலர்த்தி உதறுவோம். அலசுகிற வேலையைத் தண்ணீர் இருக்கிற இடத்தில் வைத்துக்கொள்வோம்.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவு கிடையாது. மீன் ஏலத்தில் எங்கள் அப்பாமார் பட்டது போதும். முன்பணம் கொடுத்து ஒருவரைக் கட்டிப்போட மாட்டோம். ஈரத்துக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவு என்று கண்ணால் பார்த்துக் கழிக்க மாட்டோம்; காயவைத்து, கொண்டுவந்தவர் முன்னாலேயே எடை போடுவோம். கிலோ விலை பலகையில் இருக்கும், காசு அன்றைக்கே கையில் இருக்கும். செலவு போக மிஞ்சுவதைப் படகில் பிரிப்பது போலவே பங்கு வைப்போம். பிரிக்கிற வேலையைச் செய்யப்போவது பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குக் கூலியும் உண்டு, பங்கும் உண்டு. கொல்லம் சக்திகுளங்கரையில் 2017 முதல் படகுகள் வலையில் வந்த பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவந்ததும், அதைப் பெண்கள் பிரித்ததும், அரைத்த தூள் தார்ச்சாலைக்குப் போனதும் எல்லோரும் பார்த்ததுதான். வழி புதிதில்லை. உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில்தான் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம்.

விற்க முடியாததும் உண்டு. ஷாம்பு, மசாலா, பிஸ்கட் உறைகளில் பல அடுக்குகள் ஒட்டியிருக்கின்றன. காயலான் கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதைச் சாவிக்கொத்தாக்கிக் கண்காட்சியில் வைத்து, பிரச்சினை தீர்ந்தது போல் காட்ட எங்களுக்கு மனமில்லை. உற்பத்தியாளரே தன் உறைக்குப் பொறுப்பு என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி வகுத்திருக்கிறது. கம்பெனி வாரியாகப் பிரித்து எடை போட்டு, கணக்கோடு அந்தந்தக் கம்பெனிக்கும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புவோம். எடுத்துச் செல்கிற செலவையும் அவர்களிடம் கேட்போம். கெஞ்சாமல் கேட்போம்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பார்க்கிற வேலை நடக்கும், கழிவும் அப்போதுதான் குவியும். தடைக்காலம் தொடங்குகிற நாளிலேயே எங்கள் தராசையும் இறக்குகிறோம். அண்ணன்மாரே, அக்காமாரே, வலையை எரிக்காமல், புதைக்காமல் கொண்டுவாருங்கள். ஈயத்தைக் கழற்றித் தந்தால் விலை கூடும். படகு திரும்பவும் கடலில் இறங்கிய பிறகு வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் வாசிப்போம். நஷ்டமென்றால் நஷ்டமென்றே வாசிப்போம், யார் வேண்டுமானாலும் நோட்டை வாங்கிப் பார்க்கலாம்.